பிராசஸரின் கடைசி எழுத்து

கும்மிடிப்பூண்டியில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. லாரியில் வந்து இறங்கும் சாமான்களை உள்ளே விடலாமா, திருப்பி அனுப்பலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போல்ட், புஷ், ஃபிளாஞ்ச், எது வந்தாலும் வரைபடத்தோடு ஒப்பிட்டு அளப்பேன். அளவு தப்பினால் சிவப்பு ஸ்டிக்கர். ஒன்பது வருஷமாக ஒட்டிக்கொண்டிருக்கிறேன். என்னைக் கண்டாலே சப்ளையர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நடந்ததெல்லாம் அந்தப் பெருமையால் வந்த வினைதான்.

வீடு திருப்பாச்சூர் பக்கம். என் வீட்டுக்காரர் நெல் பயிர் வைக்கிறார். நான் காலையில் திருவள்ளூருக்குப் போய் கம்பெனி பஸ் பிடித்து கும்மிடிப்பூண்டி போவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு வேலை. காக்களூர் எஸ்டேட்டில் இருக்கும் சின்னப் பட்டறைக்காரர்கள் உடைந்த பாகம் எதையாவது கொண்டுவந்து, "இதுக்கு ஒரு டிராயிங் போட்டுக் குடுங்க மேடம்" என்பார்கள். அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன்.

என் பழைய லேப்டாப்தான் அந்த வேலைக்கு எதிரி. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, உலை வைத்து, அரிசி களைந்து போட்டுவிட்டு வந்து பார்த்தால் பாதி திறந்திருக்கும். ஒருநாள் பட்டறைக்காரர் ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே அது உயிரை விட்டது. அவர் மரியாதையாக, "பரவால்ல மேடம், நான் அப்பால வரேன்" என்று சொல்லி உடைந்த பீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அப்பால வரவில்லை.

அன்றைக்கே முடிவு செய்தேன். டெஸ்க்டாப். கடையில் முழுதாக விற்பது கைக்கு எட்டவில்லை. போனஸ் பணத்துக்குள் அடங்க வேண்டுமென்றால் பாகம் பாகமாக வாங்கி நாமே பூட்ட வேண்டியதுதான். ஒன்றோடொன்று பொருந்தும் சாமான்களைத் தேர்ந்தெடுப்பது. இதற்குத்தானே எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனி எலக்ட்ரீஷியன் ஒருவர் பெரியபாளையத்தில் பஸ் ஏறுவார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். தன் மகளுக்காக ஒரு கம்ப்யூட்டர் பூட்டிய அனுபவசாலி. அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடம் கேட்டேன்.

"யக்கா, மொதல்ல பிராசஸரும் போர்டும் ஜோடி சேரணும். சாக்கெட் வேறயா இருந்துச்சுன்னா உள்ளயே உக்காராது. அப்பால ரேமு, அது போர்டுக்கு ஏத்ததா இருக்கணும். அப்பால பவர் சப்ளை. அப்பால டப்பா சைஸு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்றால் எனக்குப் போதுமா? இரண்டு வாரம் பஸ்ஸில் போக வரப் படித்தேன். கம்பெனி ஆய்வுத்தாள் மாதிரியே கட்டம் போட்டு ஒரு பட்டியல் தயாரித்தேன். பதினான்கு வரிகள். எதைப் பார்க்க வேண்டும், எந்த அளவு இருக்க வேண்டும், கடைசியில் சரியா தப்பா என்று குறிக்க ஒரு கட்டம். எலக்ட்ரீஷியன் அதை வாங்கிப் படித்துவிட்டு, "இன்னாக்கா, ராக்கெட்டா உடப்போற?" என்றார்.

ஒரு சனிக்கிழமை நானும் வீட்டுக்காரரும் திருவள்ளூரில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். அவர் வண்டி ஓட்ட மட்டும் வந்தார். ஆனால் கடைக்காரருக்கு அது தெரியாது. உள்ளே நுழைந்ததும் அவர் வீட்டுக்காரரைப் பார்த்து, "வாங்க சார். கேமிங்கா, எடிட்டிங்கா?" என்றார்.

"அவங்களக் கேளு."

கடைக்காரர் என் பக்கம் ஒரு கணம் திரும்பிச் சிரித்துவிட்டு மறுபடி அவரிடமே போனார். "சார், உங்களுக்கு பட்ஜெட்ல பக்காவா ஒரு செட்டு போட்டுத் தரேன்." வேகம், நினைவகம், காற்றோட்டம் என்று எல்லாவற்றையும் அவருக்கே விளக்கினார். வீட்டுக்காரருக்கு மதர்போர்டு என்ற சொல்லே அன்றைக்குத்தான் அறிமுகம். ஆனாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உரக்கடையில் நிற்பதுபோல் நின்று, சரியான இடங்களில் "ம்ம்" போட்டார். அவருடைய "ம்ம்"முக்குக் கிடைத்த மரியாதை என் பதினான்கு வரிகளுக்குக் கிடைக்கவில்லை.

நான் ரேமைக் கையில் வாங்கினேன். அடிப்பக்கத்து வெட்டு, போர்டிலிருந்த மேட்டுக்கு நேராக இல்லை. "இது டிடிஆர் ஃபோர். போர்டு ஃபைவ் கேக்குது" என்றேன்.

"கொஞ்சம் அழுத்தினா போயிடும் சார்" என்று கடைக்காரர் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"போவாது. ஒடையும்."

அப்போதுதான் அவர் என்னை முழுதாகப் பார்த்தார். ரேமை மாற்றினார். அடுத்து, வண்ண வண்ணமாக விளக்கெரியும் ஒரு கூலரை, பிராசஸர் சூடாகாமல் காக்கும் விசிறியை, எடுத்து வைத்தார். பையிலிருந்து ஸ்டீல் டேப்பை எடுத்து அதன் உயரத்தை அளந்தேன். கேபினெட்டின் அகலத்தை அளந்தேன். மாட்டினால் பக்கத்து மூடி மூடாது. வேண்டாம் என்றேன். கேபினெட்டோடு சேர்ந்து வந்த பவர் சப்ளையில் போர்டுக்குப் போகும் எட்டு முனை பிளக் இல்லை. அதையும் தள்ளினேன். கடையில் வேலை செய்த இரண்டு பேரும் தங்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

"மேடம் எங்க வேலை பண்றீங்க?" என்றார் கடைக்காரர். குரலில் பயம் தெரிந்தது. அந்தப் பயத்துக்கு எனக்குப் பழக்கம் உண்டு. சொன்னேன். "அதான பாத்தேன்" என்றார்.

கடைசியாக பிராசஸர். நான் எழுதி வைத்திருந்த அதே எண், இரண்டு பெட்டிகள். ஒன்றில் எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக இருந்தது, விலை கணிசமாகக் குறைந்திருந்தது. சாக்கெட் ஒன்று. வேகம் ஒன்று. என் பட்டியலில் எல்லாக் கட்டத்திலும் சரி.

"மேடம், இது கம்மி விலதான், ஆனா இதுல..."

"எல்லாம் பாத்துட்டேங்க. இதையே பில் போடுங்க."

"இல்ல மேடம், இது இன்னான்னா..."

"சாக்கெட் ஒண்ணுதான? போடுங்க."

அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. காலையிலிருந்து நான் பண்ணியதைப் பார்த்த யாருக்கும் வந்திருக்காது. வீட்டுக்காரர் மட்டும் குனிந்து அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஆமா, படம் எதுலேர்ந்து வரும்?" என்று கேட்டார்.

"மானிட்டர்லேர்ந்து" என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மறுநாள் காலை நாஷ்டா முடிந்ததும் கூடத்தில் பாயை விரித்துப் பூட்ட ஆரம்பித்தேன். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தன. ஒரு திருகுகூட மிஞ்சவில்லை. ஸ்விட்ச் போட்டதும் விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது. வீட்டுக்காரர் கைதட்டினார். மானிட்டர் மட்டும் கறுப்பாக இருந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தோம். சிக்னல் இல்லை என்று எழுதிக்காட்டிவிட்டு அதுவும் தூங்கப் போய்விட்டது.

கேபிளை மாற்றினேன். ரேமைக் கழற்றி மாட்டினேன். ரப்பரால் துடைத்து மறுபடி மாட்டினேன். மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு, எல்லாவற்றையும் பாயில் பரப்பி, பட்டியலின் முதல் வரியிலிருந்து மறுபடி சரிபார்த்தேன். பதினான்கும் சரி. மூன்று மணிக்கு எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டேன். அவர் பொறுமையாக எல்லாம் கேட்டுவிட்டு, "யக்கா, பிராசஸர் டப்பாவ எடு. நம்பருக்குக் கடைசில இன்னா எழுத்து போட்டுக்கீது?" என்றார்.

சொன்னேன்.

அவர் ஆஸ்பத்திரி வாசலில் பேசுகிற குரலில் சொன்னார். "யக்கா... அதுல படம் வராதுக்கா. படம் காட்ற சமாச்சாரம் உள்ளயே இல்லாத மாடலு அது. அதான் வெல கம்மி. தனியா கிராபிக்ஸ் கார்டு போடணும்."

போனை வைத்தேன். பொருத்தம் பார்க்கப் பதினான்கு வரி எழுதியவள், படம் தெரியுமா என்று ஒரு வரி எழுதவில்லை. சப்ளையர் வரைபடத்தை முழுமையாகப் படிக்கவில்லை என்று நான் எத்தனை தாளில் எழுதியிருப்பேன்! அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் வந்து, "இன்னாச்சு?" என்றார்.

நான் செய்த அடுத்த காரியத்தை எழுதக் கூச்சமாக இருக்கிறது. "கடக்காரரு தப்பான பீஸக் குடுத்துட்டாரு" என்றேன்.

என் வீட்டுக்காரர் சாதுவானவர். எங்கள் வரப்பை வெட்டித் தன் பக்கம் சேர்த்துக்கொண்டவனிடம்கூடச் சத்தம் போடாதவர். ஆனால் ஒரு நாள் முழுக்க நான் பாயில் உட்கார்ந்து பட்ட பாட்டைப் பார்த்திருக்கிறார். சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்தார். "ஏறு" என்றார். வேண்டாம், போனில் பேசிக்கொள்ளலாம், நாளைக்குப் போகலாம் என்று என்னென்னவோ சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவருக்குக் கோபம் ஏறியதே தவிர இறங்கவில்லை. வழியெல்லாம், இப்போது சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே திருவள்ளூர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும் என்று நம்பியிருந்தேன். பாதி ஷட்டரைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார் கடைக்காரர்.

"இன்னாபா, படமே வராத சாமானக் குடுத்துக்கினு, பக்கா செட்டுன்னு சொல்லிக்கினு கீற? நாங்கோ இன்னா ஏமாந்தவங்களா?" என்றார் வீட்டுக்காரர்.

கடைக்காரர் எழுந்து நின்றார். வீட்டுக்காரரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் இருந்தது. சாக்கெட் ஒண்ணுதான, போடுங்க என்று நான் சொன்ன தொனிகூட அவருக்கு நினைவிருந்திருக்கும். அவர் வாயைத் திறந்தால் நான் காலி.

"கோச்சுக்காதீங்க சார்" என்றார். "தப்பு நம்ம மேலதான். மேடத்துக்கு நான் சரியா எடுத்துச் சொல்லியிருக்கணும்."

வீட்டுக்காரர் விடவில்லை. "சொல்லாம பில்லு மட்டும் போடத் தெரியுதா?" என்று இன்னும் ஒரு சுற்று ஆரம்பித்தார். கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நானும் சண்டை போட்டிருப்பேனோ என்னவோ. அந்தக் குனிந்த தலையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"அவரு சொல்ல வந்தாரு" என்றேன். "ரெண்டு தடவ வந்தாரு. நான்தான் பேசவே விடல. நான்தான் கேட்டு வாங்கினேன்."

வீட்டுக்காரரின் கை பாதியில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபத்தை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் சுவரில் தொங்கிய ஒரு மவுஸ் பேடைக் கழற்றி, "இதுக்கு ஒரு பில்லு போடுபா" என்றார். புலி வாயைப் பிளந்துகொண்டிருக்கும் படம் போட்டது. எங்களுக்கு அது தேவையே இல்லை. அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை எடுத்து வந்தார். கல்யாண ஆல்பம் செய்யும் ஒரு ஸ்டூடியோவின் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றியதாம். பிராசஸர் பெட்டியைப் பிரித்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது, ஆனால் இதை மலிவாகத் தருகிறேன் என்றார். தன் மேஜையிலிருந்த கம்ப்யூட்டரில் மாட்டிப் படம் வருவதைக் காட்டினார். "மேடம், உங்க கேபினெட்டுக்கு நீளம் சரியா வருமா, அளந்து பாத்துக்குங்க" என்று அவரே சொல்லவேண்டியிருந்தது. அளந்தேன். கடையில் இருந்த அதே மாடல் கேபினெட்டுக்குள் சரியாக அடங்கியது.

திரும்பும்போது பாதி வழியில் வீட்டுக்காரர் பின்னால் பார்க்காமலே சொன்னார். "அந்த ஆளு ஒரு வார்த்த எதுத்துப் பேசல, பாத்தியா? அதான் பேஜாரா கீது." என்மேல் கோபமா என்று கேட்டேன். "உம்மேல கோவப்பட்டு இன்னா ஆவப்போவுது? ஊட்டுக்குப் போயி படம் வருதான்னு பாக்கலாம்" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் படம் வந்தது. கார்டின் விசிறி கதிரடிக்கும் மிஷின் மாதிரி இரைந்தது.

அடுத்த வாரம் காக்களூரிலிருந்து வேறொரு பட்டறைக்காரர், பம்ப்பில் உடைந்துபோன ஒரு பிராக்கெட்டைக் கொண்டுவந்தார். படம் நொடியில் திறந்தது. கோடு இழுத்த இடத்தில் நின்றது. அளவெல்லாம் போட்டு, மூன்று பக்கத்திலிருந்தும் வரைந்து, திருவள்ளூரில் அச்செடுத்துக் கையில் கொடுத்தேன். அவர் தாளை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் ரசித்தார்.

"சூப்பரா கீது மேடம். ஆனா நம்ம லேத்துக்காரரு பேப்பரெல்லாம் பாக்க மாட்டாரு. அவருகிட்ட ஒடஞ்ச பீஸையே குடுத்துடுவேன்."

"அப்ப இது எதுக்கு?"

"ஆர்டர் குடுக்குற பார்ட்டி கேப்பாங்க மேடம். ஃபைல்ல வெக்கணும்" என்று சொல்லி, மடிப்பு விழாமல் சுருட்டி எடுத்துக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, இன்னும் நான்கு பீஸ் உடைந்து கிடக்கிறது, அதற்கும் போட்டுவிடலாம் என்றார்.