மூன்றாவது கம்பி

கரண்ட் என்றாலே பஸ்காரர் காத தூரம் ஓடுவார். மலைப்பாதையில் பிரேக் பிடிக்காத பஸ்ஸையே பதறாமல் இறக்கிய மனுஷன், வீட்டில் பல்பு மாற்ற மட்டும் மனைவியைத்தான் கூப்பிடுவார். ஓய்வு பெற்றதும் பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, வெந்நீர் ஹீட்டர், சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் வைத்து ஊர் சுற்றக் கிளம்பினார். அந்த அம்மாளும் தையல் மிஷினுக்கு உறை போட்டு மூடிவிட்டு ஏறிக்கொண்டாள்.

வேனில் பேட்டரி இரண்டு. ஒன்று இன்ஜினை எழுப்ப, இன்னொன்று விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ் என்று குடித்தனம் நடத்த. முதலாவதைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. இரண்டாவதிடம்தான் ஏமாந்தார். பாதிக்கு மேல் உறிஞ்சாதீர்கள் என்று விற்றவன் படித்துப் படித்துச் சொன்னான், யார் கேட்டது? இரவெல்லாம் விசிறி சுழன்றதில், விடியும்போது பேட்டரி செத்துக் கிடந்தது. ஃபிரிட்ஜுக்குள் இருந்ததோ மனைவியின் இன்சுலின்.

அவசர அவசரமாக வேன்கள் தங்கும் மைதானம் ஒன்றுக்கு ஓட்டி வந்தார். அங்கே கம்பத்துக்குக் கம்பம் கரண்ட் உண்டு. நீளக் கேபிளைச் செருகினால் போதும். செருகினார். டப்பென்று டிரிப் சுவிட்ச் விழுந்தது. தூக்கிவிட்டார், மறுபடி விழுந்தது. இப்போது மருந்து பயம் கரண்ட் பயத்தைத் தின்றுவிட்டது. கேபிளைப் பிடுங்கி, வேன் டூல் பெட்டியிலிருந்த டெஸ்டரால் பிளக்கைத் திறந்தார். உள்ளே மூன்று கம்பிகள். பஸ்ஸில் பாடியேதான் எர்த். வேனும் இரும்புதானே, அப்புறம் எர்த்துக்கென்று தனியாக ஒரு கம்பி எதற்கு? அந்தப் பச்சைக் கம்பியைக் கழற்றி டேப் சுற்றி மடித்து வைத்தார். சுவிட்ச் சொன்னபடி நின்றது. ஃபிரிட்ஜ் உறுமியது. தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார், பாவம்.

மத்தியானத்திலிருந்து மனைவி விரல்களைப் பிசைந்துகொண்டே இருந்தாள். மரமரவென்று இருக்கிறது, சுகர்தான் ஏறியிருக்கும் என்றாள். மருந்து கெட்டுவிட்டதோ என்று அவர் உள்ளுக்குள் செத்துப் பிழைத்தார். சாயங்காலம் மழை விட்டதும் அவள் பொதுக் குளியலறைக்குக் கிளம்பினாள். போகிற போக்கில், "கதவப் பிடிச்சா மட்டும் ஜாஸ்தியா இருக்குங்க" என்றாள்.

அவள் போய் வெகு நேரம் கழித்துத்தான், வெளியே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தவருக்கு அது உறைத்தது. கதவைப் பிடித்தால் மட்டுமா? சட்டைப் பையிலிருந்த டெஸ்டரை எடுத்துக் கதவுக் கைப்பிடியில் வைத்தார். அது சிவப்பாக எரிந்தது.

டிரிப் சும்மா விழவில்லை. எதிலோ கரண்ட் கசிகிறது. மண்ணுக்குள் இறங்க வேண்டியதற்கு, பச்சைக் கம்பியைக் கழற்றி இவர் வழியை அடைத்துவிட்டார். நாலு டயரும் ரப்பர். முழு வேனும் கரண்டோடு நின்றது, யாராவது தொடட்டும் என்று.

நிமிர்ந்தார். அவள் வந்துகொண்டிருந்தாள். ஈரத் தலை, வார் அறுந்த செருப்பு கையில், வெறுங்காலோடு தேங்கிய தண்ணீரில். இத்தனை நேரம் அந்த ரப்பர் செருப்புதான் அவளைக் காப்பாற்றியிருக்கிறது. கத்த வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கம்பமோ வேனுக்கு அந்தப் பக்கம். ஓடினார், வழுக்கி விழுந்தார், தவழ்ந்தே போய் கேபிளைப் பிடுங்கினார். வேனில் விளக்கு அணைந்தது.

மனைவியின் சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. கடவுளே, கடவுளே என்று பிளக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே கிடந்தார்.

"ஏங்க, கரண்ட் போயிடுச்சா?"

அவள் வேனைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். அவர் திக்கித் திணறி, செய்த காரியத்தை எல்லாம் சொல்லி முடித்தார். அவள் தன் விரல்களை ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்தாள்.

"அப்ப இது சுகர் இல்லையா?" முகம் மலர்ந்துவிட்டது அவளுக்கு. "அப்பாடா. அக்காவுக்குக் கால எடுத்தாங்களே, அப்படி ஆயிடுமோன்னு மத்தியானத்துலேந்து உசுரே இல்லீங்க."

அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவள் அந்தக் கையாலேயே அவரைத் தூக்கிவிட்டாள். மைதான அலுவலகத்தார் இன்சுலினைத் தங்கள் ஃபிரிட்ஜில் வைத்துக்கொண்டார்கள். காலையிலேயே கேட்டிருந்தாலும் வைத்திருப்பார்கள். பிளக்கைக் கொடுங்கள், கழுவி வைக்கிறேன் என்று அவள் எவ்வளவோ கேட்டுப் பார்த்தாள். படுக்கும் வரை அவர் அதைக் கையை விட்டு இறக்கவே இல்லை.