பழைய கெர்னலும் காய்ந்த சந்தனமும்

என் கணவருக்கு டிராக்டரும் ஒன்றுதான், லினக்ஸ் போட்ட எங்கள் பழைய கம்ப்யூட்டரும் ஒன்றுதான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இரண்டையும் துடைத்தார். டிராக்டருக்கு ஆயில் மாற்றினார். கம்ப்யூட்டருக்குப் புது கெர்னல் ஏற்றி அணைத்து வைத்தார். உள்ளே இருந்துகொண்டு மைக், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஓட்டுவது இந்த கெர்னல்தான். பூஜையன்று கீபோர்டுக்கும் தாராளமாகச் சந்தனம், குங்குமம். சாமிக்கு வைத்ததை அன்று யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை எனக்கு ஆன்லைனில் மாதிரி வகுப்பு. பி.எட். முடித்த கையோடு கல்யாணம், குழந்தை என்று வீட்டிலேயே இருந்துவிட்ட எனக்கு வந்த முதல் டீச்சர் வேலை வாய்ப்பு அது. கம்ப்யூட்டரைப் போட்டால் எல்லாம் வருகிறது, மைக் மட்டும் செத்துக் கிடக்கிறது. அவரோ திருப்புலிவனத்தில் நடவு வேலையில் இருந்தார். போன் போட்டுக் கத்தினேன்.

"புது கெர்னலுக்கு மைக் ஒத்துக்கல போல. ஆஃப் பண்ணிட்டுத் திரும்பப் போடு. எந்தக் கெர்னல்னு கேட்டு லிஸ்ட் வரும். கீழ கீற பழசுக்குப் போ."

லிஸ்ட் வந்தது. அடியில் விநாடிகள் குறைந்துகொண்டே போயின; அது முடிந்தால் புது கெர்னலே ஏறிவிடும். கீழே இறங்கும் அம்புக்குறி அமுங்கவே இல்லை.

"நீங்க அப்புன சந்தனம் காஞ்சி கல்லாட்டம் கீது! இப்போ இன்னா பண்றது?"

"மேல போற பட்டன அமுத்து, எண்றது நின்னுடும். அப்பறம் பொறுமையா நோண்டி எடு. கோவத்தச் சாயங்காலம் வெச்சிக்கலாம்மே."

எண்ணிக்கை நின்றது. போனை மேசையில் போட்டுவிட்டுக் கொண்டை ஊசியால் நோண்டினேன். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பழைய கெர்னலைப் பிடித்து உள்ளே போவதற்குள் வகுப்புக்கு நேரமாகிவிட்டது. "மிஸ், கேக்குது" என்று ஒரு குழந்தை சொன்னதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு பின்னங்களைக் கூட்டக் கற்றுக்கொடுத்தேன்.

முடித்துவிட்டுப் போனை எடுத்தால், லைன் அப்படியே இருந்தது.

"இன்னும் கட் பண்ணலையா நீங்க?"

"மைக் மறுபடியும் மக்கர் பண்ணா என்னத் தேடுவியேன்னு வரப்புலயே நின்னுக்கினு இருந்தேன்."

"நடவு ஆளுங்க காத்துக்கினு இருப்பாங்க, போய் வேலையப் பாருங்க." கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது.

"போறேன், போறேன். வேல குடுத்துட்டாங்களா?"

"அப்பறமா சொல்வாங்களாம்."

"குடுப்பாங்கம்மே. பின்னக் கணக்கு எனக்கே புரிஞ்சிச்சே."