ஓடுகிற தண்ணியில் ஒரு முகம்

வேலை தொடங்குமுன் கம்ப்யூட்டர்ப் பெட்டியின் மேல் புறங்கையை வைத்துப் பார்ப்பார் ஸகியா. பிள்ளைக்குக் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரித்தான். "இன்னும் சூடு இறங்கல்ல, கொஞ்சம் கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டாரென்றால், வீடியோ கெசட்டோடு வந்தவர்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அவசரப்படுத்திப் பயனில்லை.

கல்முனைக்குடியில் கடற்கரைக்குப் போகிற ஒழுங்கையில் அவருடைய வீடு. பின்னறைதான் எடிட்டிங் அறை. உப்புக்காற்று உள்ளே வராதபடி ஜன்னல் இடுக்குகளில் பழந்துணி திணித்திருப்பார். கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை வீடியோ எடுப்பவர் அவர்தான்; எடுத்ததை இந்த அறைக்குள் வைத்து வெட்டி ஒட்டுபவரும் அவர்தான். முக்காடு நழுவியது தெரியாமல் சோறு பரிமாறியவள், கமராவைக் கண்டதும் முகத்தைப் பொத்தியவள், எல்லாரையும் நினைவில் வைத்திருந்து, அந்த இடங்களைக் கேட்காமலே நீக்கிவிடுவார். "இந்த அறைக்குள்ள ஆம்புளைக் கண் வராது. அதுக்குத்தானே கா என்னட்டத் தாறாங்க" என்பார்.

பெண்களைச் சிரிக்கச் சொல்லமாட்டார். "சொல்லி வாற சிரிப்பு பல்லோட நிண்டுரும்" என்பது அவர் கண்டுபிடிப்பு.

வீடியோவில் ஒரு துண்டைத் திருத்த வேண்டுமென்றால் ஓடவிட்டுக்கொண்டே திருத்த முடியாது. அதைத் தனித்தனிப் படங்களாகப் பிரித்து, இலக்கம் போட்டு, ஒவ்வொன்றாகச் செப்பனிட்டு, மறுபடி கோத்து ஓட விடவேண்டும். ஒரு விநாடிக்கு இருபத்தைந்து படம். இலக்கத்துக்கு முன்னால் சைபர்களை அவர் ஒருநாளும் மறப்பதில்லை. "சைபர் போடாட்டி பத்தாவது ஆள் ரெண்டாவது ஆளுக்கு முந்தி வந்து நிப்பான், சங்கக்கடை வரிசையில நிக்கிற மாதிரி." ஒரே கோப்பாகச் செய்தால் நடுவில் கரண்ட் போகும்போது எல்லாம் போய்விடும், படங்களாகச் செய்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம். கல்முனையின் கரண்டை நம்பி வேலை செய்கிறவருக்கு இது பெரிய விஷயம்.

அந்தப் படங்களை எந்த வகைக் கோப்பாகச் சேமிப்பது? கொழும்பில் கம்ப்யூட்டர் விற்றவர் சொல்லிக்கொடுத்தது ஜேபெக் ஒன்றைத்தான்: சின்னது, இடம் பிடிக்காது. மற்றதெல்லாம் ஸகியா ஒவ்வொரு மெனுவாகத் திறந்து, கெடுத்து, மறுபடி செய்து கற்றுக்கொண்டவை. பிட்மெப் என்கிற வகை, படத்தில் எதையும் குறைக்காத நேர்மையானதுதான், ஆனால் மணமகளின் தலைக்கு மேல் ரோசாப்பூவை மிதக்க விட்டால் அவரிடம் இருக்கிற புரோகிராமில் பூவைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் ஒன்றும் சேர்ந்து வந்துவிடும். டார்கா என்கிற வகையில் பூ மட்டும் வரும்.

"ஜேபெக் நல்ல புள்ளதான். ஆனா கை சும்மா இரியாது. ஒவ்வொரு தரம் திறந்து மூடக்குள்ளயும் ஒரு கிள்ளுக் கிள்ளி எடுத்துரும். டார்கா அமானிதம் மாதிரி. குடுத்தத அப்படியே திருப்பித் தரும். வயிறுதான் பெரிசு."

இதை அவர் இவ்வளவு உறுதியாகச் சொல்லத் தொடங்கியது முனவ்வறாவின் கெசட்டுக்குப் பிறகுதான்.

போன போகத்து வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு முனவ்வறா வந்தாள். கையில் அவளுடைய கல்யாணக் கெசட், ஸகியா எடுத்ததுதான். அவளுடைய வாப்பா அச்சிமுகம்மது, மாவடிப்பள்ளிப் பக்கம் வயல் செய்தவர், வெட்டுக்குச் சற்று முன்பு மௌத்தாகி அடக்கப்பட்டிருந்தார். படம் பிடிக்க ஒருநாளும் இணங்காத மனிதர். அடையாள அட்டைக்காக மட்டும் ஒருமுறை இருந்து கொடுத்தார். அதிலும் செக்பொயின்றில் நிறுத்தப்பட்டவர் போல விறைத்துப்போய் இருப்பார். மகளின் கல்யாணத்தில் போட்டோக்காரரை வேலிக் கடப்படியோடு திருப்பி அனுப்பியவர், வீடியோவுக்கு மட்டும் தடை சொல்லவில்லை. "அது ஓடுற தண்ணியில முகம் தெரியிற மாதிரி. வாய்க்காலுக்குள்ள குனிஞ்சாத் தெரியும், நிமிந்தாப் போயிரும். படம் அப்பிடியில்ல. நிண்டு பாக்கும்" என்று அன்றைக்கு அவர் சொன்னது ஸகியாவுக்கும் நினைவிருந்தது.

நிக்காஹ்வுக்கு முன்னால், பெண்கள் இருந்த அறைக்கு வந்து வாப்பா சம்மதம் கேட்கிற இடம். அவர் கேட்கிறார். அவள் தலையை ஆட்டுகிறாள். அவர் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். அரை நிமிடம்கூட இல்லை. அந்த இடத்தில்தான் கெசட் பூஞ்சணம் பிடித்து, வெள்ளைக் கீறல்கள் அவர் முகத்துக்குக் குறுக்கே ஓடின.

"ராத்தா, இன்னம் ரெண்டு தரம் போட்டா வாப்பாட முகமே போயிரும் போல. கீறல எடுக்க ஏலுமா?"

"பாப்பம் புள்ள. ஏலும் எண்டு இப்பவே செல்ல மாட்டன்."

கம்ப்யூட்டரில் இடம் இருக்கவில்லை. அதனால் ஸகியா ஜேபெக்கில் பிரித்தார். ஒரு படத்தில் கீறல் விழுந்த இடத்துக்கு, அடுத்த படத்திலிருந்து கன்னத்தின் சிறு துண்டை எடுத்து ஒட்டினார். மூடினார், மறுநாள் திறந்தார், இன்னொரு கீறலை எடுத்தார், மூடினார். கீறலெல்லாம் போன அன்றைக்குத்தான் கவனித்தார்: வெள்ளைத் தாடி கரைந்து வெள்ளைச் சால்வையோடு ஒன்றாகிக் கிடந்தது. ஜேபெக் கிள்ளிக் கிள்ளி எடுத்திருந்தது.

முனவ்வறா வந்ததும் மறைக்காமல் சொன்னார். அவளை ஏற்றி வந்த கணவன் றஸாக், உள்ளே வரக்கூடாது என்பதால் முற்றத்தில் மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே குரல் கொடுத்தான்.

"என்ன ராத்தா, மாமாட தாடிய வழிச்சிப் போட்டீங்களாம்?"

"ஓம் தம்பி. முளைக்க வெச்சித் தாறன், இரிங்க."

மூலக் கெசட்டிலிருந்து மறுபடி எடுத்து, இம்முறை டார்காவில் பிரிக்கவேண்டும். அதற்கு இடம் வேண்டும். மாதக்கணக்கில் செய்து சேர்த்த தன் ரோசாப்பூக்களையும் புறாக்களையும் பொன்னெழுத்துகளையும் ஸகியா அழித்தார். அடுத்து வந்த கல்யாண வீட்டார் பூவே இல்லை என்று முகத்தைச் சுழித்தார்கள். "பூ மறுகாப் பூக்கும்" என்றார், அவ்வளவுதான்.

வேலை முடிந்து முனவ்வறா பார்க்க வந்தபோது திரை முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள்.

"இதெல்லாம் என்ன ராத்தா?"

"வாப்பாதான். ஒவ்வொண்டும் ஒரு படம்."

"படமா?" முனவ்வறா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டாள். "ஓடல்லையே."

"கோத்தாத்தான் புள்ள ஓடும். இப்ப நிக்கிது."

ஒன்றைப் பெரிதாக்கினார். அச்சிமுகம்மது சிரித்துக்கொண்டு நின்றார். தாடி மயிர் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணோரத்து ஈரமும் தெரிந்தது. முனவ்வறா திரைக் கண்ணாடியைத் தொடப் போய், விரலை மடக்கிக்கொண்டாள்.

வெளியே இருந்து றஸாக்: "கீறல் போயிட்டா? அதில ஒண்ட பிறின்ட் அடிச்சித் தரச் செல்லுங்க, ஹோலுக்குள்ள மாட்டுவம்!"

அவள் ஸகியாவின் முகத்தைப் பார்த்தாள். "என்ன ராத்தா செய்ய? எனக்கு ஆசையாத்தான் இரிக்கி. படம் நிண்டு பாக்கும் எண்டு வாப்பா செல்லுவாரே."

"அது என்னட்டக் கேக்கிற கேள்வி இல்ல தங்கச்சி. வேணுமெண்டா நல்ல தாளில அடிச்சித் தருவன். வேணாமெண்டா அழிச்சிருவன். முதல்ல ஓட விட்டுப் பாருங்க."

படங்களைக் கோத்தார். புதிய கெசட்டில் ஏற்றினார். இருவரும் பார்த்தார்கள். வாப்பா வந்தார், கேட்டார், மகள் தலையை ஆட்டினாள், அவர் கண்ணைத் துடைத்துச் சிரித்தார், திரும்பிக் கதவால் போய்விட்டார். ஒரு கீறல் இல்லை.

"இன்னொருக்கா, ராத்தா."

மறுபடி வந்தார், போனார். பிறகும் ஒருமுறை. கதவால் அவர் போய் மறைகிற இடத்தில் முனவ்வறா முக்காட்டு நுனியை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்ச, என்னவாம்?" என்றான் றஸாக்.

"ஒண்டுமில்ல, வாறன்." பிறகு, தாழ்ந்த குரலில், "ஓடுறது போதும் ராத்தா. நிக்கிறத அழிச்சிருங்க."

ஸகியா திரையின் பக்கம் திரும்பினார். படங்கள் அத்தனையையும் தெரிந்தெடுத்தார். பிஸ்மி சொல்லி விசையை அழுத்தினார். பெட்டிக்குள் கறகறவென்று அரையும் சத்தம் கேட்டது. எப்போதும் புறங்கையை வைத்துப் பார்ப்பவர், உள்ளங்கையை விரித்து அதன் மேல் வைத்தார். சத்தம் நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.