தான் பேசாத வசனம்

அவர் முகம் யாருக்கும் தெரியாது; குரலைத் தெரியாதவர்கள் குறைவு. இருபத்திரண்டு வருடமாக வேற்றுமொழிப் படங்களுக்குக் குரல் கொடுக்கிறார். டப்பிங் ஆட்கள் அவரை இடியண்ணன் என்பார்கள். வீட்டில் அவருக்கு வேறு பெயர்: சந்தேகப் பிராணி. பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். பால் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டு, அந்தத் தேதியே பொய்யாக இருக்குமோ என்பார். அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அன்று மனைவியின் தம்பி வந்திருந்தான். நாற்பது வயதாகியும் சூப்பர் ஹீரோ படமென்றால் பசி தெரியாது அவனுக்கு. வரப்போகிற இரண்டு படங்களின் டிரெய்லர்கள் ஒரே வாரத்தில் வெளியாகியிருந்தன. ஒன்றில் நாயகன் சுவருக்குள் புகுந்து நடப்பான். இன்னொன்றில் நாயகனின் நிழல் தனியாகக் கிளம்பிப் போய்ச் சண்டை போடும். முதலாவதில் நாயகனுக்கும் இரண்டாவதில் வில்லனுக்கும் இவர்தான் குரல். மச்சினன் டிவிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காகிதத்தில் கட்டம் கட்டி மார்க் போட்டுக்கொண்டிருந்தான். சுவர்ப்படம் டிரெய்லரிலேயே முழுக்கதையையும் உளறிவிட்டதாம். நிழல்படம் ஒன்றையும் காட்டாமலே மிரட்டுகிறதாம். அதிலும் வில்லனின் கடைசி வசனத்துக்கே தனி மார்க்காம்.

"நீ யாரையெல்லாம் காப்பாத்துனியோ, அவங்கதான் நாளைக்கு உன் விலாசத்தை எனக்குச் சொல்லப்போறாங்க" என்றான் திரையில் வில்லன்.

இவர் கையிலிருந்த தம்ளர் பாதி வழியில் நின்றது.

"இதை நான் பேசலையே."

மனைவி சிரித்தாள். போன மாதம் வங்கியில் தன் கையெழுத்தையே தன்னுடையதில்லை என்று வாதாடியதை நினைவுபடுத்தினாள். ஒரு நாளைக்கு நூறு வசனம் பேசுகிற ஆளுக்கு எதுதான் ஞாபகம் இருக்கும் என்றான் மச்சினன்.

அவர் ரிமோட்டை வாங்கி, இரண்டு டிரெய்லரையும் மாற்றி மாற்றிப் போட்டார். சின்ன வயதில் மூக்கெலும்பு உடைந்ததிலிருந்து, நீளமான வசனத்துக்கு முன்னால் அவர் இழுக்கும் மூச்சு மெல்லிய விசில் மாதிரி கேட்கும். எவ்வளவு வெட்டினாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். சுவர்ப்படத்தில் அது எல்லா இடத்திலும் இருந்தது. நிழல்பட வில்லனோ முதல் இரண்டு வசனத்தில் மூச்சு இழுத்தான். கடைசி வசனத்தில் இழுக்கவே இல்லை.

உடனே ஒரு முகம் ஞாபகம் வந்தது. மேடையில் அவரைப் போலவே பேசிக் கைதட்டு வாங்கும் மிமிக்ரிக்காரர். மறுநாள் காலை அந்த ஆளின் வீட்டு வாசலில் போய் நின்று, சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டார். மிமிக்ரிக்காரரின் முகம் சுண்டிப்போனது. போனை வாங்கி அந்த வசனத்தை இரண்டு தடவை கேட்டார்.

"அண்ணே, நான் பேசியிருந்தா அந்த மூக்கு விசிலையும் சேர்த்துத்தானே பேசியிருப்பேன்? அதுக்குத்தானே எனக்குக் கைதட்டே விழுது."

இவருக்கு வெட்கமாகப் போயிற்று. மன்னிப்புக் கேட்டார். ஆனால் இந்த ஆளும் இல்லையென்றால் வேறு யார்? இருவருமாகவே ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனார்கள்.

ஒலிப்பதிவு செய்கிற பெண் பத்து வருடப் பழக்கம். எப்போதும் வம்பளக்கிறவள், அன்று கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டு பேசினாள். சந்தேகப்பட அது போதுமாயிருந்தது அவருக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். வசனத்தைக் கடைசி நேரத்தில் மாற்றினார்களாம். அவரைக் கூப்பிட நேரமில்லையென்று, அவருடைய பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துப் படக்கம்பெனியே குரலை உண்டாக்கி அனுப்பிவிட்டதாம்.

"முழுப் படமும் அப்படித்தானா?"

அவள் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நாலு நாள் கால்ஷீட் கேட்டிருந்தாங்கல்ல. அதை அரை நாளா மாத்திட்டாங்கண்ணே. மீதியைக் கம்ப்யூட்டரே பேசிடுமாம்."

அன்று மனைவி சிரிக்கவில்லை. பீரோவிலிருந்த ஒப்பந்தங்களையெல்லாம் கட்டிலில் பரப்பி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரி வரியாகப் படித்தாள். எந்த ஒப்பந்தத்திலும் இதைத் தடுக்க ஒரு வார்த்தை இல்லை. மிமிக்ரிக்காரர் மற்ற டப்பிங் ஆட்களுக்குப் போன் போட்டார். கேட்காமல் குரலை உண்டாக்கக் கூடாது என்று எழுதித் தந்தால்தான் மைக் முன்னால் நிற்போமென்று பதினொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒன்பது நாள் கம்பெனிகளிடமிருந்து சத்தமே இல்லை. பிறகு நிழல்படக் கம்பெனி இறங்கிவந்து எழுதிக் கொடுத்தது. அவர் நான்கு நாளும் பேசினார். டிரெய்லரின் கடைசி வசனத்தையும் தானே பேசினார்; அதை வைத்து டிரெய்லரைத் திரும்ப வெளியிட்டார்கள். சுவர்ப்படக்காரர்கள் மசியவில்லை. அவருக்குப் பதில் வேறொரு குரலை வைத்துக்கொண்டார்கள்.

மச்சினன் பழைய டிரெய்லரையும் புதியதையும் ஒப்பிட்டு மார்க் போட்டான். வெகுநேரம் பேனாவைக் கடித்துவிட்டு, பழையதற்கு அரை மார்க் கூட என்றான். அவர் மாடிக்குப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், குரலைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று, எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்கிறார். போன வாரம் தன் போனில் சார்ஜ் தீர்ந்து, மருந்துக்கடைக்காரரின் போனிலிருந்து மனைவி கூப்பிட்டாள். மறுமுனையில் நிசப்தம்.

"நான்தாங்க" என்றாள் அவள். "பேசுங்க, பரவாயில்ல."

அப்போதும், அவள் மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று கவனித்த பிறகுதான் அவர் பேசினார்.