பாதி மாத்திரை

அமெரிக்காவில், சான் ஹோசேயில் ஒரு வியட்நாம் சூப்புக் கடை. வாசலில் மேசை போட்டு ஒரு நர்ஸ் இலவசமாகக் கொலஸ்ட்ரால் பார்க்கிறார். வரிசையில் என்னைத் தவிர எல்லோரும் வியட்நாம்காரர்கள். ஒருவருக்கும் தொப்பை இல்லை. ஆனாலும் முடிவுச் சீட்டு வாங்கிய ஏழு பேரில் நாலு பேருக்கு ‘ஹை’. நானும் ஒல்லிதான்.

எனக்கு முன்னால் நிற்பவர் மின், இந்தக் கடைச் சமையல்காரர். அவருக்கும் ‘ஹை’. போன வருஷமும் அப்படித்தானாம். அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொள்கிறோம்.

“மாத்திரை குடுக்கலையா?”

“குடுத்தாங்க. பாதிதான் போடறேன். அமெரிக்க மருந்து சூடு, தம்பி. வெள்ளைக்காரன் உடம்பு பெருசு, முழுசா தாங்கும்.”

எங்கள் ஊரிலும் இதே பேச்சுதான். நானும் அப்படி உடைத்துப் போட்டவன்.

“யாரு சொன்னது?”

“எங்க அண்ணன். என்னை மாதிரியே ஒல்லி. அவரும் பாதிதான் போட்டாரு.”

“இப்ப எங்க இருக்காரு?”

மின் கடைக்குள் கைகாட்டுகிறார். கல்லாவுக்கு மேலே ஒரு படம். அதன் முன்னால் ஊதுபத்தி புகைகிறது.

“நெக்ஸ்ட்,” என்கிறார் நர்ஸ். விரலை நீட்டுகிறேன். பக்கத்தில் மின், சட்டைப்பையிலிருந்து எடுத்து உடைத்த மாத்திரையின் இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நிற்கிறார்.