பந்து எழும்பிய உயரம்

இதைப் படித்துவிட்டு "கதை நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கதையாக இருந்தால் அதில் என்னைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டியிருப்பேன். இது நடந்தது. எனக்கு நடந்தது. பேய் என்று யாராவது பேச்செடுத்தாலே சிரித்து மானத்தை வாங்குகிற ஆள் நான். இப்போது சிரிப்பதில்லை.

நானும் பம்பரமும் ஒரே மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிறோம். கிடங்குக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. பம்பரம்தான் அதன் உயிர். ஆள் குள்ளம். ஆனால் பந்து கைக்கு வந்துவிட்டால் சுழன்று சுழன்று நான்கு பேரைத் தாண்டிக் கூடைக்கு அடியில் போய் நிற்பான். அதனால் வந்த பெயர்தான் அது. நானும் அந்த அணியில் இருக்கிறேன், பெஞ்சைத் தேய்ப்பதற்கு.

ஆண்டுக்கு ஒருமுறை வெளியூரில் பெரிய போட்டி ஒன்று நடக்கும்; அதைப் பார்க்கப் போவோம். சனிக்கிழமை அரையிறுதி, ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். இருவரும் என் காரில் போவதென்று மாதக்கணக்கில் திட்டம் போட்டிருந்தோம். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது பம்பரம் ஏணியிலிருந்து விழுந்து வலது காலை உடைத்துக்கொண்டான். முட்டி வரைக்கும் மாவுக்கட்டு. அப்படியும் வந்தே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். வேறு எப்படி நிற்பான்?

வெள்ளிக்கிழமை நள்ளிரவு தாண்டித்தான் கிளம்பினோம். அவனைப் பின் சீட்டில் உட்காரவைத்து, காலை நீளவாக்கில் நீட்டி, அடியில் ஒரு தலையணை வைத்தேன். அவன் அம்மா ஜன்னல் வழியாக என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அவனால ஒரு அடி எடுத்து வைக்க முடியாதுப்பா. எங்கேயும் தனியா விட்டுட்டுப் போயிடாத."

"நான் இருக்கேன்ல, கவலைப்படாதீங்கம்மா" என்றேன். பெரிய மனுஷன் மாதிரி.

மூன்றரை மணி வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பம்பரம் வாய் ஓயாமல் ஆட்டத்தைப் பற்றிப் பேசி, எந்த அணி ஜெயிக்கும் என்று என்னோடு சண்டை போட்டு, அப்படியே தூங்கிப்போனான். சாலையில் பனி இறங்க ஆரம்பித்தது. முன்விளக்கு வெளிச்சம் நாலடிக்கு மேல் போகவில்லை. எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பின்னாலும் இல்லை.

நாலு மணி வாக்கில் அந்தச் சத்தம் கேட்டது.

டப்... டப்... டப்...

டிக்கியில் பந்து கிடந்து உருளுகிறது என்று நினைத்தேன். பம்பரம் பந்தில்லாமல் கடைக்குக்கூடப் போகமாட்டான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. உருளுகிற பந்து வளைவில்தானே முட்டும்? சாலையோ நேராகப் போய்க்கொண்டிருந்தது. சத்தமும் விடாமல், ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. யாரோ தட்டுகிற மாதிரி.

வேகத்தைக் குறைத்தேன். டப்... ... டப்... ... டப்...

கூட்டினேன். டப் டப் டப் டப்.

பின்னால் பம்பரம் தூக்கக் கலக்கத்தில் முனகினான். "எவன்டா இந்நேரத்துல பிராக்டீஸ் பண்றான்?"

சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பந்தை எடுத்துப் பைக்கு அடியில் செருகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வண்டியை ஓரம் கட்டினேன். அப்போது மணி 4.20. வண்டி நின்றதும் சத்தமும் நின்றது.

சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். டிக்கியைத் திறந்தேன். இரண்டு பைகள். அவனுடைய ஊன்றுகோல்கள். ஒரு தண்ணீர்க் கேன்.

பந்து இல்லை.

"டேய், பந்தை எங்க வச்ச?"

"கால உடைச்சுக்கிட்டவன் பந்த எதுக்குடா தூக்கிட்டு வரப்போறான்? தூங்க விடு."

டிக்கியை மூடினேன். மெதுவாகத்தான் மூடினேன். ஏன் என்று தெரியவில்லை.

டப்...

இந்த முறை எனக்குப் பின்னாலிருந்து வந்தது. சாலையிலிருந்து.

திரும்பினேன். பின்விளக்கின் சிவப்பு வெளிச்சம் பனியில் கொஞ்ச தூரம் பரவியிருந்தது. அதற்குள் ஒரு பந்து வந்து விழுந்தது. பழசு. தோல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. எழும்பியது. மறுபடி விழுந்தது.

பந்தைத் தட்டுகிறவன் அதை எவ்வளவு உயரம் எழும்ப விடுவான் என்று ஆடியவனுக்குத் தெரியும். இடுப்பு வரைக்கும். அங்கே உள்ளங்கை காத்திருக்கும். பெஞ்சைத் தேய்க்கிறவனுக்கும் அது தெரியும்.

அந்தப் பந்து என் மார்பைத் தாண்டியது. முகத்தைத் தாண்டியது. என் தலைக்கு மேலே போய்... நின்றது.

அங்கே ஏதோ அதைத் தொட்டது.

மறுபடி கீழே வந்தது. டப்.

நான் ஆறடி. அதன் இடுப்பு என் தலைக்கு மேலே இருந்தது.

நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓடினேன்.

இங்கேதான் எனக்கு எழுதக் கை வரவில்லை. காரின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக ஓடினேன். அப்படியென்றால் டிரைவர் கதவைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன். கதவு திறந்தே கிடந்தது. சாவி உள்ளேயே இருந்தது. உட்கார்ந்து கிளப்ப இரண்டு நொடி போதும். அந்த இரண்டு நொடியை நான் பம்பரத்துக்குக் கொடுக்கவில்லை. அவன் தூங்குகிறான், அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பின்னால் ஏதோ குரல் கேட்ட மாதிரி இருந்தது. கேட்கவில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. இரவு வேலைப் பையன் ஒருவன் நாற்காலியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துப் பதறி எழுந்தான்.

"என்னாச்சு சார்?"

"வண்டி நின்னுபோச்சு."

"வண்டில யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல. நான் மட்டும்தான்."

ஆமாம் என்றால் "வாங்க சார், போய்ப் பாப்போம்" என்று கிளம்பிவிடுவான். அதற்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன். அவன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தான். நடக்க முடியாத ஒருவனைச் சாலையோரத்தில் அதோடு விட்டுவிட்டு, வெளிச்சத்தில் உட்கார்ந்து நான் டீ குடித்தேன். சர்க்கரை கொஞ்சம் கம்மி என்றுகூட நினைத்தேன். த்தூ.

விடியத் தொடங்கியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. என் போன் காரிலேயே இருந்தது. பையனின் போனை வாங்கி என் நம்பருக்கே அடித்தேன். மணி 5.50. நாலு முறை ஒலித்தது. எடுத்தான்.

"எங்கடா போன?" என்றான் பம்பரம்.

அவன் குரலைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "நீ... நீ எங்கடா இருக்க?"

"ஸ்டேடியம் வாசல்லதான். வண்டிய நிறுத்திட்டு நீ எங்க போன? டீ குடிக்கவா?"

நாங்கள் நின்ற இடத்திலிருந்து ஸ்டேடியம் தொண்ணூறு கிலோமீட்டர்.

"ஆமா" என்றேன். "டீ குடிக்கத்தான்."

"சரி, வா. நல்லாத்தான் ஓட்டின."

ஒரு லாரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் முதல் வரிசையில், கோட்டுக்குள் நேராக, என் கார் நின்றது. பம்பரம் பின் சீட்டில் அதே தலையணையில் காலை நீட்டியபடி இருந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு மேலாக எந்தக் கடையில் டீ குடித்தாய் என்று அவன் கேட்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. டிரைவர் சீட்டை மட்டும் முன்னால் இழுத்துவிட்டேன். அது கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளப்பட்டிருந்தது.

அரையிறுதி பார்த்தோம். லாட்ஜில் தங்கினோம். இரவு முழுக்க விளக்கை அணைக்க அவன் விடவில்லை. இறுதி ஆட்டமும் பார்த்தோம். யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரும்பும்போது மாவுக்கட்டுக் காலை மடக்க முடியாமல் மடக்கிக்கொண்டு முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தான். வழி நெடுக வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான்.

வீட்டு வாசலில் அம்மா, "பத்திரமா கூட்டிட்டு வந்துட்டியேப்பா" என்று என் கன்னத்தைத் தடவினார்.

பம்பரம் என்னைப் பார்த்தான். "ராத்திரி முழுக்க ஒரு நிமிஷம் கண்ணசராம ஓட்டினாம்மா" என்றான்.

நான் தலையாட்டினேன். செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

நான்கு மாதங்கள் ஓடின. கட்டைப் பிரித்து, அவன் வேலைக்கும் திரும்பிவிட்டான். மைதானத்துக்கு மட்டும் வருவதில்லை. போன செவ்வாய்க்கிழமை மதியம், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே என்னை நிறுத்தினான்.

"நீ ஓடினத நான் பாத்தேன்டா."

கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"கூப்பிட்டேன். மூணு தடவ கூப்பிட்டேன். நீ திரும்பல. அப்புறம் அது உள்ள வந்து உக்காந்துச்சு. முட்டி ரெண்டும் கண்ணாடி வரைக்கும் நின்னுச்சு. உடம்பு கூரையில இடிச்சு மடங்கி... தல என் பக்கமா தொங்கிச்சு. நான் கண்ண மூடிக்கிட்டு, நீதான் ஓட்டுற, நீதான் ஓட்டுறன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். அப்படி நெனைக்கலைன்னா செத்திருப்பேன்."

"ஏன்டா என்கிட்ட கேக்கல?"

"நீயா சொல்வேன்னு பாத்தேன்."

பெட்டிகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவனும் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கும் ஏதோ வெட்கம் இருந்தது.

"நானும் ஒண்ணு பண்ணிட்டேன்" என்றான். "வழியில அது ஒரே ஒரு கேள்வி கேட்டுச்சு. உன் குரல்லயே கேட்டுச்சு. ஓடிப்போனவன் வீடு எங்கன்னு. உன் மேல அவ்வளவு கோவம்டா எனக்கு... சொல்லிட்டேன். தெரு, கட்டடம், ரெண்டும்."

எங்கோ ஃபோர்க்லிஃப்ட் பின்வாங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் குடியிருப்பது ஒன்பது மாடிக் கட்டடம்.

"இப்ப ஏன் சொல்ற?"

"நேத்து ராத்திரி ரெண்டரை மணிக்கு உன் நம்பர்லேர்ந்து போன் வந்துச்சு. உன் குரல்தான். ஓடிப்போனவன் கட்டட வாசல்ல நிக்கிறேன், எந்த மாடின்னு கேட்டுச்சு."

அந்த நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். போன் என் தலைமாட்டில்தான் இருந்தது.

"நீ என்ன சொன்ன?"

"தெரியாதுன்னேன். அப்படின்னா நீயே வந்து காட்டு, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிச்சு. கதவ பூட்டிட்டு விடியிற வரைக்கும் உக்காந்திருந்தேன். ஆனா சொல்லலடா. சத்தியமா சொல்லல."

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதும் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மனசு வேறொரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் போன் எனக்கு வந்திருந்தால், பம்பரத்தின் வீட்டைக் கேட்டிருந்தால், நான் சொல்லியிருப்பேன். முதல் தடவையிலேயே.