நசார் நானா விட்டுப் போகாத புரொசசர்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினால் மெல்ல எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதைச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது நடந்ததுதான்.

துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலுக்குப் போன மீன்பிடிப் படகுகளைத் திரையில் கவனிக்கும் ஓர் அறையில் எனக்குக் கூட்டித் துடைக்கிற வேலை, தேநீர் போடுகிற வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அங்கே பல வருடம் திரைக்கு முன்னால் இருந்தவர் குறிஞ்சாக்கேணி நசார் நானா. மழை நாட்களில் எனக்கும் ஒரு கதிரை இழுத்துப் போட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த இடியப்பத்தைப் பங்கிட்டு, படகுக்காரரின் பகிடிகளைச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அடுத்த ஆள் வந்து கதிரையில் கை வைத்து "நான் பார்க்கிறன்" என்று சொல்லும்வரை எழும்ப மாட்டார். அந்த அறையின் வழக்கம் அது. போன வருடம் மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டார்.

இந்த மாரியில் ஒரு பின்னேரம், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எட்டு புரொசசரில் ஒன்று சூடேறிப் பிழைவிடத் தொடங்கியது. சல்லி ஊர்ப் படகுகள் கடலில், காற்றும் பலம், கம்ப்யூட்டரை நிறுத்தவே முடியாது. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒன்றை மட்டும் ஒதுக்க வேண்டும் என்றார் புதிதாக வந்திருந்த பொறியியலாளர் மேகலா மிஸ். அதிலுள்ள வேலைகளை ஒவ்வொன்றாக மற்றவற்றுக்கு மாற்றி, அது வெறுமையான பிறகுதான் நிறுத்த வேண்டுமாம். அவசரப்பட்டால் எல்லாமே உறைந்துவிடும், படகுகள் எங்கே என்று யாருக்கும் தெரியாது.

மற்றதெல்லாம் மாறியது. படகுகளின் சிக்னலை வாங்கும் வேலை மட்டும் மாறவில்லை.

"இதென்ன அண்ணை, மாத்த மாத்தத் திரும்பியும் அதிலயே வந்து குந்துது! ஆர் இதை இப்பிடிக் கட்டி வைச்சது?"

"நசார் நானா கேட்டுப் போடுவிச்சது மிஸ். வேற வேலை இடைஞ்சல் செய்யக்கூடாதெண்டு."

"அப்ப அந்த நானாவையே வந்து எழுப்பச் சொல்லுங்கோவன்."

நானா மௌத்தானது புதிதாக வந்த மிஸ்ஸுக்குத் தெரியாது. மிஸ் திரும்பவும் திரையில் குனிந்துகொண்டார். என்ன நினைத்தேனோ, நானாவின் கதிரையில் கை வைத்து, வாழ்நாளில் ஒருமுறையும் சொல்லியிராததை மெல்லச் சொன்னேன்.

"நானா, நான் பார்க்கிறன். நீங்கள் போங்கோ."

நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம், அந்த வேலை தானாக நகர்ந்தது. மிஸ் புரொசசரை நிறுத்தினார். ஒரு படகுகூடத் திரையிலிருந்து மறையவில்லை.

"நல்ல மனுசன்தான் உங்கட நானா, கூப்பிட்ட உடன வந்திட்டார்," என்றார் மிஸ், திரும்பாமலே.

"ஆரும் வரேல்லையே மிஸ்."

"பகிடி விடாதேங்கோ அண்ணை. 'சரி தம்பி, கவனம்' எண்டு பின்னால நிண்டு சொன்னது ஆர் அப்ப?"

அந்தக் குரலைத்தான் ஒரு வருடமாக நினைத்து நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன். கதிரையைத் தொட்டுக்கொண்டு நின்றவன் நான். நானாவை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைக்குக் கேட்டது எனக்கு ஏன் கேட்கவில்லை என்று, இன்றைக்கும் அறையைக் கூட்டும்போது விளக்குமாறு கையில் நின்றுவிடுகிறது.